எரியாத இடம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மற்ற வீடுகளில் அந்த அலமாரியில் பொம்மைகளும் கல்யாணப் போட்டோவும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளும் இருக்கும். எங்கள் வீட்டில் மிளகாய் சாஸ் பாட்டில்கள் இருக்கின்றன. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஒன்று மட்டும் கறுப்பு. புதிதாக வருகிறவர்கள் நாட்டு மருந்து விற்கிறேனோ என்று நினைப்பார்கள். விஷயம் தெரிந்ததும் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஊருக்கு வரும்போது மற்றவர்களுக்குத் தைலமும் சென்ட்டும் கொண்டுவருகிறவர்கள், எனக்குக் கைலியில் சுற்றி ஒரு சாஸ் பாட்டில் கொண்டுவருவார்கள். போன் ரிப்பேருக்குக் கூலி வேண்டாம், அடுத்த தடவை காரமாக ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். "காசு குடுத்து வயித்தெரிச்சல வாங்குறவங்கள பாத்திருக்கேன். வர்ற காச விட்டுட்டு வாங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பாள் மனைவி.

அலமாரியில் ஒரு ஒழுங்கு உண்டு. மேல்தட்டின் இடது ஓரத்தில் இருப்பது குழந்தைகூடத் தொட்டுத் தின்னலாம். கீழ்த்தட்டின் வலது ஓரத்தில் இருப்பதைத் திறந்தாலே கண்ணில் நீர் வரும். பாட்டிலில் மூன்று மிளகாய்ப் படம் போட்டிருந்தால் அது விற்கிறவன் கணக்கு, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. என் அளவுகோல் என் இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் உள்பக்கத் தோல். புது பாட்டில் வந்தால் முதலில் அங்கே ஒரு சொட்டு வைப்பேன். எவ்வளவு நேரத்தில் எரிகிறது, எப்படி எரிகிறது என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பேன். நாக்குக்கு ஆசை உண்டு, அதனால் பொய் சொல்லும். தோலுக்கு ஒரு ஆசையும் கிடையாது.

போன கோடையில் கடையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தபோது ஏதோ தீய்கிற வாடை வந்தது. வயர் என்று நினைத்துத் தேடினேன். பிறகு பார்த்தால் என் இடது கைச் சுண்டுவிரலில் தோல் வெந்து வெளுத்திருந்தது. வலியே இல்லை. நான் பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நானோ, மிளகாயாகத் தின்று தின்று உடம்பே உரமேறிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் விரலைக் காட்டிப் பெருமையடித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, துபாயில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் அந்தக் கறுப்பு பாட்டிலைக் கொண்டுவந்தான். அங்கே கடையில் விற்கிறவனே கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்துக்கொடுத்தான் என்றான். வழக்கம்போல முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சொட்டு வைத்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. கலர்த் தண்ணீரை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதற்காகக் கையைத் தாழ்த்திப் போனை எடுத்தேன். சாஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. பேசி முடிக்கும் முன்பே மணிக்கட்டில் கங்கு வைத்தது போல எரியத் தொடங்கியது.

எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். சொட்டு வைத்த இடத்தில் ஒரு தேமல் இருந்தது. லேசாக வெளுத்து, வெயில் படாத இடம் மாதிரி. ரொம்ப நாளாக இருப்பதுதான். தீக்குச்சி முனையில் சாஸைத் தொட்டு, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத் தேமலுக்கு உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பார்த்தேன். வெளியே வைத்த புள்ளிகள் எல்லாம் எரிந்தன. உள்ளே வைத்தவற்றில் ஒன்றுகூட எரியவில்லை.

மனைவியிடம் வேடிக்கை மாதிரிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மிளகாய் எரியவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. சுற்றி நெருப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்காமல் கருகினால் திருஷ்டி இருந்தது, இருமல் வந்தால் இல்லை. "இத்தன பாட்டில வரவங்க கண்ணுல படுற மாதிரி அடுக்கி வச்சா படாம என்ன செய்யும்" என்று சொல்லி, அந்தச் செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். எங்கள் மகள் எப்போதும் என் மேலேயேதான் கிடப்பாள், தூங்குவதும் என் இடது கையில் தலைவைத்துத்தான். அதனால் அவளையும் மடியில் வைத்துச் சேர்த்தே சுற்றினாள். உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் கொட்டாங்கச்சி நெருப்பில் விழுந்தன.

நெடி வீட்டையே தூக்கியது. நான் இருமினேன், மகள் இருமினாள், பக்கத்து வீட்டில் யாரோ இருமுவதும் கேட்டது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருஷ்டி இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப இது கண்ணு இல்லங்க" என்றாள். "வேற என்னமோ. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

சனிக்கிழமைதான் போனேன். டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சாலும் பேனா முனையாலும் அங்கங்கே தொட்டு, தொடுகிற இடத்தைக் காட்டச் சொன்னார். தேமலைத் தொட்டபோது நான் எதையும் காட்டவில்லை. முழங்கைக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்து, நரம்பு தடித்திருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய். ஆஸ்பத்திரியில் அதற்கு அந்தப் பெயர். எங்கள் தெருக் குழாயடியில் வேறு பெயர் உண்டு, சண்டை முற்றினால் எதிராளியின் கைகால்களுக்கு அது வரவேண்டும் என்று சொல்வார்கள். நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், சாப்பிட ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் பரவாது என்றார் டாக்டர். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்தார்கள். நான் எழுந்திருக்கும்போது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். திங்கட்கிழமை வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

மகளின் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வயிற்றில் பூச்சி இருந்தால் அப்படி வரும் என்று ஆளாளுக்குச் சொல்லி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தோம். டாக்டர் கேட்ட நிமிஷத்திலிருந்து என் கண்ணுக்குள் அந்தத் திட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நரம்பு வீக்கம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். அப்படியும் அதைப் பார்த்ததும், மனைவி கண்ணில் படக்கூடாதென்று இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினேன். அன்று மகள் என் கையில் தலைவைக்க வந்தபோது, புழுக்கமாக இருக்கிறது, அம்மாவிடம் படு என்றேன். அவள் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

திங்கட்கிழமை வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிறு காலையில் மனைவி கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கோட்டைப்பட்டினத்து மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டுப் பாட்டில்கள் உதவாது, அவை நல்ல தோலிலும் எரியாது, எரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் செத்துப்போவேன். கீழ்த்தட்டைக் குழந்தைமேல் வைக்க மனம் வரவில்லை. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து என் வலது கையில் வைத்துக்கொண்டே வந்தேன். சந்தேகமில்லாமல் எரிந்த முதல் பாட்டில் நடுத்தட்டில் இருந்தது, ஆரஞ்சு நிறம். இத்தனை வருஷம் சேர்த்தது இதற்குத்தானா என்று தோன்றியது. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மகள் தரையில் குப்புறக் கிடந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். சட்டையை விலக்கி, திட்டின் நடுவில் தீக்குச்சியால் தொட்டுவைத்தேன். என்னப்பா என்றாள். மருந்து என்றேன்.

தோலில் காரம் மெதுவாகத்தான் ஏறும். எனக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்தும் பதறினேன். அவள் யானைக்குப் பச்சைக் கலர் அடித்து முடித்தாள். பிறகு மரத்துக்கும் அதே பச்சையை எடுத்தாள். ஒரு சின்ன அசைவாவது தெரிகிறதா என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரியட்டும், பிள்ளைக்கு எரியட்டும் என்று குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்ட தகப்பன் வேறு யாராவது இருப்பானா, தெரியாது.

"அப்பா, எறும்பு கடிக்குது" என்றாள்.

"எங்கிட்டு ஆத்தா?"

அவள் கையைப் பின்னால் வளைத்து, தடவி, சரியாக அந்தத் திட்டின் மேல் விரலை வைத்தாள். "இங்கிட்டு." பிறகு எழுந்து உட்கார்ந்து, எறும்பு இல்லை எரிகிறது என்று சொல்லி ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் எண்ணெயை அள்ளித் தடவினேன். என் கண்ணும் வழிந்தது. இன்னும் எரிகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று அழுதாள். மறுபடியும் கேட்டேன்.

மனைவி செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தாள். பிள்ளையையும் திறந்திருந்த பாட்டிலையும் பார்த்தாள். நீங்களும் ஒரு மனுஷனா என்று கேட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. டாக்டர் சொன்ன பெயரைச் சொன்னேன், அவர் குழந்தைகளைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன். அவள் மகளின் வாயில் சீனியைப் போட்டு வாசலுக்கு அனுப்பினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பிள்ளை கிடந்த இடத்தில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் வச்சுப் பாருங்க" என்றாள்.

எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"எல்லா எடத்துலயும்" என்று சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். வாசலில் மகள் இன்னும் எரியுது எரியுது என்று அழுதுகொண்டிருந்தாள். நான் தீக்குச்சியை பாட்டிலில் தோய்த்தேன்.