நாற்பதடி ஒயர்

ஹஃப்சாவின் மேசையில் ஏறிய ஆல்டர்நேட்டர் பொய் சொல்லாது என்பது ராயபுரத்தில் ரொம்ப நாள் பேச்சு. பனைமரத்தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில், வாசலில் இரண்டு பேர் நின்றால் வெளிச்சமே போய்விடுகிற அளவுக்கு ஒரு கடை. பத்தொன்பது வயதில் வீட்டில் உட்கார்ந்து சீலிங் ஃபேனுக்குக் காயில் சுற்றத் தொடங்கியவள், இந்த இருபத்து மூன்று வருஷத்தில் லாரி, ஜெனரேட்டர், விசைப்படகு என்று ஒரு டீசல் எஞ்சினையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்நேட்டர்; அது ஏற்றவில்லை என்றால் அவளிடம்தான் வருவார்கள். கணவர் ஷாரிக் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஹஃப்சாவைத்தான் கூப்பிடுவார். அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது.

அந்த நல்ல பேருக்குப் போன வருஷம் அடி விழுந்தது.

மீன்பிடிக்கப் போகக்கூடாத அறுபத்தோரு நாள் தடைக்காலத்தில்தான் காசிமேட்டுப் படகுகளுக்கு எல்லா வேலையும் நடக்கும். கெங்கம்மாவின் விசைப்படகிலிருந்து ஆல்டர்நேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். ஹஃப்சா சுத்தம் செய்து, பேரிங் மாற்றி, மேசையில் ஓடவிட்டு, இருபத்தெட்டு வோல்ட் காட்டித் திருப்பிக் கொடுத்தாள். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன மூன்றாம் நாள் படகின் பேட்டரி செத்தது. விளக்கு இல்லை, வயர்லெஸ் இல்லை, நிறுத்திய எஞ்சின் மறுபடி கிளம்பவும் இல்லை. ஏழு பேர் இரண்டு நாள் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். வேறொரு படகு பார்த்து இழுத்து வந்தது.

கெங்கம்மாவின் மகன் பகலவன்தான் அந்தப் படகின் டிரைவர். கரையேறிய கையோடு கடைக்கு வந்து தெருவே கேட்கும்படி கத்தினான். வேறு இடத்தில் புது ஆல்டர்நேட்டர் வாங்கி மாட்டினார்கள். அதே படகு, அதே எஞ்சின், வருஷம் முழுக்க ஒரு தொந்தரவும் தரவில்லை. பழையதைக் கேட்டு வாங்கி எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்தாள். குறை ஏதாவது கண்ணில் பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். வந்த ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை செய்தாள், அப்படியும் பயந்துகொண்டே கொடுத்தாள்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் கெங்கம்மா அந்தப் புது ஆல்டர்நேட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"பேரிங் கத்துது. பாரு."

"வேற ஆளே கெடைக்கலியாக்கா ஒனக்கு?"

"பாருன்னா பாரும்மே."

பார்த்துக் கொடுத்தாள். படகு கிளம்ப ஒரே நாள் பாக்கி இருக்கும்போது பகலவன் போன் செய்தான். "மறுக்காவும் சார்ஜ் ஏறல. எத்தினி பேரோட உசுரக்கா இது!"

ஹஃப்சா ஆல்டர்நேட்டரைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி மேசையில் ஓடவிட்டாள். இருபத்தெட்டு வோல்ட், சுத்தமாக. திரும்பப் படகில் மாட்டினால், இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு ஆல்டர்நேட்டர், இரண்டும் மேசையில் நல்ல பிள்ளை, இரண்டும் கழற்றி மாட்டியதும் அந்தப் படகில் மட்டும் முரண்டு. அவள் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான், படகு.

பார்க்கத்தான் முடியாது. அந்தக் குடும்பத்துப் படகில் எந்தப் பெண்ணும் ஏறக்கூடாது. இருபது வருஷமாகச் சொந்தக்காரியான கெங்கம்மாவே கரையிலிருந்துதான் அதிகாரம் செய்கிறாள். அதைப் பேசித் தீர்க்க இது நேரமில்லை. ஹஃப்சா நாற்பதடி ஒயர் இரண்டை எடுத்தாள். நுனியில் கிளிப் வைத்தாள், மறுமுனையை வோல்ட் மீட்டரில் சேர்த்தாள், காசிமேட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

அவள் கரைக் கல்லில் உட்கார்ந்து ஒயரைப் படகுக்குள் வீசியதும் ஆட்கள் சிரித்தார்கள். "இன்னாக்கா, போட்டுக்கு குளுகோஸ் ஏத்தப் போறியா?"

"சிரிச்சிகினே இருங்க. பகலவா, எஞ்சினப் போடு. கிளிப்பப் பேட்டரி பிளஸ்லயும் மைனஸ்லயும் மாட்டு."

மீட்டர் இருபத்து நாலரை காட்டியது. சார்ஜ் ஏறவில்லை என்பது சரிதான்.

"இப்ப ஒண்ண ஆல்டர்நேட்டர் பின்னாடி போல்ட்ல. இன்னொண்ண அதோட ஒடம்புல."

இருபத்தெட்டு. ஹஃப்சா மீட்டரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். இருபத்தெட்டேதான். பிள்ளை ஒழுங்காகச் சம்பாதிக்கிறான், சம்பளம்தான் வீடு வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ மறிக்கிறது.

"கடைசியா, ஒண்ணு ஆல்டர்நேட்டர் ஒடம்புல, ஒண்ணு பேட்டரி மைனஸ்ல."

அங்கே ஒன்றுமே காட்டக்கூடாது. மீட்டர் மூன்றரை காட்டியது. ஒயர் வழியாகப் போகிற கரண்ட், ஆல்டர்நேட்டரின் உடம்பு, எஞ்சினின் இரும்பு என்று தொட்டுத் தொட்டுத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். இரும்பும் இரும்பும் தொடவில்லை என்றால் எத்தனை வோல்ட் இருந்து என்ன பிரயோஜனம்?

"டேய், ஆல்டர்நேட்டர் எது மேல ஒக்காந்துகினு கீது?"

"எஞ்சின் இரும்பு பிராக்கெட்டு மேல."

"அது இன்னா கலரு?"

"சில்வரு!" பகலவன் குரலில் பெருமை பொங்கியது. "நம்ம கையால மூணு கோட்டு. ஆல்டர்நேட்டரக் கழட்டிட்டா பிரஷ்ஷு நல்லா உள்ள போவும், அதான் அப்பவே அடிச்சுடுவேன். போல்ட்டு ஓட்டையக்கூட வுடல."

"போன வருசம்?"

பகலவன் பிராக்கெட்டைக் குனிந்து பார்த்தான்.

"போன வருசமும் சில்வருதான்," என்றான். பெருமை போன இடம் தெரியவில்லை. பிறகு அவனே சொன்னான், "புச்சு மாட்டறப்போ அந்த மெக்கானிக்கு ஒக்கார்ற எடத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சாருக்கா. நான்கூட பெயின்ட்டு போவுதேன்னு சண்ட போட்டேன்."

"எஞ்சின நிறுத்து. பெயின்ட்டுதான் கரண்ட்ட மறிக்குது. நீயும் கழட்டித் தேயி. இரும்பு பளபளன்னு தெரியற வரிக்கும்."

அரை மணி நேரம் தேய்த்தான். இறுக்கி மாட்டி எஞ்சினைப் போட்டதும் மூன்றரை காட்டிய இடத்தில் முள் முனையளவுதான் மிச்சம் இருந்தது. பேட்டரியில் இருபத்தேழே முக்கால். ஹஃப்சா மீட்டரைக் கல்லில் வைத்துவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. தன் கை தப்புச் செய்யவில்லை. நாளைக்குப் போகிற ஏழு பேரும் விளக்கோடு போவார்கள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் மூச்சு முழுசாக உள்ளே போனது.

பகலவன் கரைக்கு வந்து எதிரே நின்றான். "அக்கா, அன்னிக்கு தெருவுல நான்..."

"அதெல்லாம் வுடு நைனா. அந்த பிரஷ்ஷ எடுத்துகினு வா. இனிமே அது என் கடைலதான் இருக்கும். ஆல்டர்நேட்டர மாட்டினப்புறம் வந்து கேளு, தரேன்."

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பகலவனும் சிரித்துவிட்டு பிரஷ்ஷைத் தேடிப் போனான். கரையில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கெங்கம்மாவிடம் ஹஃப்சா, ஒயரைச் சுற்றிக்கொண்டே, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"ஊரே என்ன வுட்டுப் போச்சு. நீ மட்டும் ஏங்க்கா மறுபடி வந்த?"

"என் புள்ள கடல்ல கெடந்த ரெண்டு நாளும் நீ இதே கல்லு மேலதான ஒக்காந்துகினு இருந்த," என்றாள் கெங்கம்மா. "நான் பாக்கலன்னு நென்ச்சியா?"

நாற்பதடி ஒயரைச் சுற்றி முடிக்க ஹஃப்சாவுக்கு அன்றைக்கு வெகுநேரம் பிடித்தது.