சிவப்பு மூடிச் சொட்டு

சொட்டக்கா என்றால்தான் அந்தப் பகுதியில் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள். குழந்தைக்கு நர்ஸ் தட்டம்மை ஊசி போட்டதும் வாயில் சொட்டு விடுவாள். பிறகு அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று மாதாமாதம் போய்ப் பார்ப்பாள். அந்த மருத்துவ ஆய்வில் அவள் வேலை அவ்வளவுதான். அதையும் வாய் ஓயாமல் கிண்டலடித்துக்கொண்டே செய்தாள்.

புட்டிகள் இரண்டு வகை. ஒன்றில் வைட்டமின், மற்றதில் வெறும் எண்ணெய். சிவப்பு மூடியில் எது, நீல மூடியில் எது என்று டாக்டருக்கே தெரியாது. யாருக்கு எந்த மூடி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். சொட்டக்காவுக்கு மட்டும் தெரியுமாம்! சிவப்பு மூடிக் குழந்தைகள்தான் கொழுகொழுவென்று இருக்கின்றன என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். தங்கை மகளுக்கு நீலம் விழுந்ததும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது சிவப்பை விட்டாள்.

சில மாதங்களில் வயிற்றுப்போக்கு வந்து குழந்தை போய்விட்டது. அழுகையோடு அழுகையாகத் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான்டி மாத்தினேன்." தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஆய்வு முடிந்து டாக்டர் விஷயத்தை உடைத்தார். சிவப்பு வெறும் எண்ணெயாம்.

"ஆனா வைட்டமின் குடிச்ச பிள்ளைங்களுக்கும் குடிக்காத பிள்ளைங்களுக்கும் சாவுல வித்தியாசமே தெரியலம்மா."

"அப்ப எங்க பாப்பா, சார்? நான் மாத்தாம இருந்திருந்தா?"

"ஒரு பிள்ளைய வச்சு எதுவும் சொல்ல முடியாது."

மன்னிப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? கிடைத்த பாதி ஆறுதலைத் தூக்கிக்கொண்டு தங்கையிடம் ஓடினாள். "ரெண்டும் ஒண்ணுதானாம்டி!"

தங்கை அடுத்துப் பெற்ற பையனுக்கு ஊசி போடும் வயது வந்தது. பக்கத்துத் தெருவில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. நர்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

"சொட்டெல்லாம் வேணாம். ஊசி மட்டும் போட விடுடி."

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீதானே சொன்ன?"

"ஐயோ, அது சொட்டுடி! ஊசி நிஜமாவே காப்பாத்தும், எனக்குத் தெரியும்!"

"போன தடவையும் உனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

கதவு சாத்தப்பட்டது. தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள். உள்ளே பையன் இருமினான். தட்டம்மை இருமலோடும் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.