ரவிக்கையோடு சேர்த்துக் கொடுத்த முடிவு

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு செருப்புக் கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொழுது சாயும் வரைக்கும் ஈ ஓட்டுகிற வேலைதான். அந்த நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் கண்ணயர்வார்கள், நான் சினிமா விமர்சனம் எழுதுவேன். ஒரு வலைப்பூ வைத்து, புனைபெயரில், பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் வீடியோவில் பேசப் போய்விட்டார்கள், நான் மட்டும் போகவில்லை. என் முகத்தைக் காட்டினால் இருக்கிற நாலு வாசகர்களும் ஓடிப்போவார்கள் என்பது என் மனைவியின் கருத்து.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. படத்தின் முடிவைச் சொல்லவே மாட்டேன். முதல் நாளே முடிவைப் போட்டு உடைக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சாப்பிட உட்கார்ந்தவன் இலையில் கை வைப்பதற்கு முன்னால் பாயசம் எப்படி இருந்தது என்று சொல்வதற்கு இவர்கள் யார்?

இந்தக் கொள்கைக்கு ஒருவர் குறுக்கே வந்தார். எந்தப் படத்துக்கு நான் எழுதினாலும் கீழே ஒரே கேள்வி: "கடைசில இன்னா ஆச்சு?" பெயர் கிடையாது, முகப்படம் கிடையாது. முதலில் யாரோ வம்பு செய்கிறார்கள் என்று நினைத்தேன். "தியேட்டரில் போய்ப் பாருங்கள்" என்று வெடுக்கென்று பதில் போட்டேன். "பாத்துட்டேன். கடைசி மட்டும் பாக்கல" என்று திரும்பி வந்தது.

இது என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. ஒரு படத்துக்குத் தூங்கிப்போகலாம். ஒரு படத்துக்குக் கரண்ட் போகலாம். எல்லாப் படத்துக்கும் ஒருவருக்கு எப்படிக் கடைசி மட்டும் தவறும்? திருட்டுத்தனமாகப் படம் பார்க்க வருகிற ஆளோ, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பாதியில் எழுந்து ஓடுகிறாரோ? தியேட்டரில் வேலை பார்ப்பவராக இருந்தால் கடைசியில் கதவைத் திறக்கப் போக வேண்டியிருக்கும். இல்லையென்றால் சோகமான முடிவுக்குப் பயப்படுகிறவர். கல்லாவில் உட்கார்ந்து இதையே யோசித்து, ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து சத்தம் போட்ட அன்று, பொறுக்க முடியாமல் என் போன் நம்பரை அந்தக் கேள்விக்குக் கீழே போட்டேன்.

ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணா, நாங்க மலைங்க" என்றார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர். தையல்காரர். நூல், ஊக்கு, லைனிங் துணி வாங்க அவ்வப்போது கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறார். கடைத்தெரு வேலை முடியவே மதியமாகிவிடும். பிறகு மேட்னி.

"எங்க ஊருக்குப் போற கடைசி பஸ்ஸு மேட்னி வுடறதுக்கு முன்னாடியே கெளம்பிடுதுங்க. இன்னா பண்றது? சண்டை ஆரம்பிக்கிறப்ப நான் பைய தூக்கினு ஓடிக்கினு இருப்பேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் போட்ட கணக்கில் பஸ் வரவே இல்லை.

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் விசேஷம். ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு அவர் தைத்துக்கொண்டே படத்தைச் சொல்வாராம். முதல் பாதி, பாட்டு, சண்டை எல்லாம் அன்றைக்கே. முடிவு மட்டும் ரவிக்கை வாங்க வரும்போது. அதனால் சொன்ன நாளில் எல்லாரும் தவறாமல் வந்துவிடுவார்களாம். வேறு தையல்காரரிடம் யாரும் போவதில்லை.

"முடிவுதான் நீங்க பாக்கறதே இல்லையே?"

"அத நானே வச்சிப்பேங்க. தச்சிக்கினே யோசிச்சா வந்துடும்" என்றார், பட்டன் வைப்பதைப் போல.

இப்போது வம்பு வந்திருந்தது. திருப்பூர் மில்லுக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு பெண் ஊருக்கு வந்திருக்கிறாள். இந்தத் தையல்காரர் சொன்ன ஒரு படத்தின் முடிவைக் கேட்டுவிட்டு, "படத்துல அப்டி இல்லியே" என்று சொல்லிவிட்டாள். பெண்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். இவர் தியேட்டருக்கே போவதில்லை, எல்லாம் புளுகு என்றுகூட ஒரு பேச்சு. "எம் பேச்ச நம்பித்தாங்க வராங்க. அது போச்சின்னா அப்பறம் இன்னா இருக்குது?" என்றார். எந்தப் படம் என்று கேட்டேன்.

அந்தப் படம் நான் எழுதிய படம்தான். கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வருவான் என்று ஒரு பணக்கார அம்மா தினமும் காரில் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வந்தானா இல்லையா என்பதுதான் படமே.

"நீங்க இன்னா முடிவு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"மவன் வந்துடறான். பஸ்ஸ வுட்டு எறங்குனதும் அம்மா காலதான் பாக்கறான். செருப்பு வார் பிஞ்சி, ஊக்கு குத்தி வச்சிருக்குது. தன் செருப்ப கழட்டி அம்மாக்கு மாட்டி வுட்டுட்டு, வெறுங்காலோட வூட்டுக்குக் கூட்டினு போறான்."

செருப்புக் கடைக்காரன் புத்தி உடனே குறுக்கே பாய்ந்தது. அந்த அம்மா படம் முழுக்க நல்ல தோல் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறாள். ஊக்குக்கு அங்கே என்ன வேலை? அதைச் சொல்லாமல், என் கொள்கையை முதல்முறையாக மீறி, நிஜ முடிவைச் சொன்னேன். மகன் வரவில்லை. கடைசி பஸ்ஸும் காலியாகப் போகிறது. அம்மா உட்கார்ந்தபடியே இருக்கிறாள், அத்தோடு படம் முடிகிறது.

அவர் "அய்யோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. புதுப் படத்துக்கு எழுதினேன், கீழே கேள்வி வரவில்லை. கூப்பிட்டால் அங்கே சிக்னல் கிடைப்பதில்லை. முடிவு தெரியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் தவிப்பைப் பார்த்த மனைவி, "போய்த்தான் பாத்துட்டு வரலாம், எனக்கும் ஒரு ரவிக்க தைக்கணும்" என்றாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடையைத் திறக்காமல், இரண்டு பேரும் வண்டியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம்.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் நிறையச் செருப்புகள். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும், தொழில் அப்படி. நடுவில் ஒரு பழைய ரப்பர் செருப்பு, வார் பிய்ந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் உள்ளே போனேன்.

தையல்காரருக்கு என் குரலை வைத்தே யாரென்று தெரிந்துவிட்டது. "படம் எழுதற அண்ணன் இவருதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திருப்பூர்ப் பெண்ணும் அங்கேதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி. "இதோ வந்துட்டாருல்ல, இவரே சொல்லட்டும்!"

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். "பாய், நீங்க முழுசா பாத்தவரு. அந்த மவன் வந்தானா, வரலியா?" என்று கேட்டார். அவருடைய மகன் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போனவன் என்றும், போய் வெகு நாளாகிறது என்றும் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். ஆனால் அவர் கேட்ட விதத்திலேயே, வாசலில் இருந்த செருப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது.

மெஷின் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் தையல்காரர் பேச்சு போகும், இந்த அம்மா மனசும் போகும். பொய் சொன்னால் அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். "நான் முடிவ சொல்றதில்லம்மா" என்றேன். கொள்கையை இவ்வளவு கோழைத்தனமாக நான் எப்போதும் பிடித்துக்கொண்டதில்லை.

தையல்காரர்தான் காப்பாற்றினார். "அவரு எதுக்குச் சொல்லணும்? நானே சொல்றேன். படத்துல மவன் வரலக்கா. நான் எந்தப் படத்துலயும் கடைசிய பாத்ததில்ல, பஸ்ஸுக்கு வந்துடுவேன். அத்தனையும் நான் வச்ச முடிவுதான்."

திருப்பூர்ப் பெண், ஏன்டா கிளப்பினோம் என்பதைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மட்டும் சிரித்தார்.

"தெரியும்டி. நீ சொல்றப்பவே தெரியும். அவ காருல போறவ. அவ செருப்புல ஊக்கு எங்கருந்து வரும்? எனக்குன்னு நீ வச்சதுன்னுதான் கம்முனு இருந்தேன்."

பிறகு தைத்து வைத்திருந்த தன் ரவிக்கையை எடுத்து, வெளிச்சத்தில் பிரித்து, கைத் தையலைப் பார்த்தார். "வச்சது இருக்கட்டும். அடுத்த படத்துக்கும் நீயே வை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். மற்றவர்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த படம் எது என்று ஒருத்தி கேட்டாள். மெஷின் மறுபடி ஓடியது.

இறங்கி வரும்போது எனக்கு மனசு ஆறவில்லை. கடையில் நல்ல ரகமாக ஒரு ஜோடி எடுத்து, தையல்காரர் அடுத்த தடவை வரும்போது அந்த அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று மனைவியிடம் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு வளைவு தாண்டும் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாணாங்க" என்றாள் பிறகு. "அது அவங்க புள்ள மாட்டி வுட வேண்டியது. நீங்க நடுவுல பூந்து முடிவ கெடுக்காதீங்க."