வலது பக்க டை ராடு எண்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, விழுப்புரத்து வீட்டை விட்டுப் போய்விடுவது என்று அம்மா முடிவெடுத்தாள். எனக்கு அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. முழு ஆண்டு லீவுக்குத் திண்டிவனம் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். நான் நாலு நாள் முன்பே பையில் துணியை அடுக்கித் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. என்ன சண்டை என்று இன்றுவரை இருவரும் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சாப்பாடு தயார், கேஸ் தீர்ந்துவிட்டது, எல்லாமே என் வழியாகத்தான் போய்வந்தது. ஒரே வீட்டுக்குள் தபால்காரி உத்தியோகம் பார்த்த பெருமை எனக்கு உண்டு. திண்டிவனத்துக்கு எந்நேரமும் பஸ் இருந்தும் அம்மா பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பெட்டியோடு தனியாகப் போய் இறங்கினால் ஓடிவந்துவிட்டாள் என்று அண்ணன் வீட்டுத் தெருவில் பேசுவார்கள். கட்டிக் கூட்டிவந்தவரே கொண்டுபோய் வாசலில் விடட்டும் என்றாள். அப்பா டாக்சி ஓட்டுகிறவர், வண்டியும் வாசலிலேயே நின்றது. அவரால் மறுக்க முடியவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. டை ராடு எண்டு தேஞ்சிபோச்சி. இத வச்சிக்கினு ஐவே ரோட்டுல போனா வீல் ஒரு பக்கம் போவும், நாம ஒரு பக்கம் போவோம்."

அம்மா நம்பவில்லை. இதெல்லாம் சாக்கு என்று சொல்லி அனுப்பினாள். நானும் ஒரு எழுத்து குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்பா கோபப்படாமல் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொன்னார். ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிற உருண்டை மூட்டுதான் டை ராடு எண்டு; அதன் மேல் அம்மா கைவைத்துப் பார்க்கட்டும் என்றார். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூட்டின் ரப்பர் கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தது. நான் ஆட்டும்போதெல்லாம் டொக் டொக் என்றது. கம்பி அசைந்து கொஞ்சம் பொறுத்துத்தான் சக்கரம் அசைந்தது. டயரின் உள்விளிம்பு மட்டும் மழித்துவிட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. அம்மா விரலில் ஒட்டிய கிரீஸை டயரிலேயே துடைத்தாள். பிறகு, சரி, மாற்றட்டும் என்று என்னிடம் சொன்னாள்.

அப்பா பைக்கில் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். ஸ்டாக் இல்லையாம். மறுநாள் ஒன்றை வாங்கிவந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்து, கடைக்காரர் வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கத்துடையதைக் கொடுத்துவிட்டார் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா பிள்ளைகள் ஊஞ்சல் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள், பழைய பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் பைக்கில் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களைப் பிரித்து வைத்தார். ஒன்று இடது பக்கத்துக்கு, மற்றது வலது பக்கத்துக்கு. வளைவு மட்டும் எதிரெதிராக இருந்தது. அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் என்றார். நான் பழையதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அப்பா, அது லெஃப்டு. நம்மளது ரைட்டு."

பொண்ணு உஷாரு என்று கடைக்காரர் சிரித்தார். கையிலிருந்ததைக் கீழே வைக்க அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மற்றதை எடுத்துக்கொண்டார்.

பொருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்று புதியதை உள்ளே ஏற்றி, நட்டை இறுக்கி, பின்னை மடக்கிவிட்டார். போகிற வழியிலேயே வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியும் வண்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை. லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. புதுச் சாமான் பழகட்டும் என்று மெதுவாக ஓட்டுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

மாமா வீட்டில் பெட்டிகளை இறக்கி உள்ளே வைத்தார்கள். அப்பா நின்றபடியே தண்ணீர் குடித்தார். அப்பா தப்பானதை எடுத்ததையும் நான் கண்டுபிடித்ததையும் எல்லார் முன்னாலும் அளந்துவிட்டேன். மாமாவும் பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை மாதத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பதினெட்டு வருசமா வண்டி ஓட்றீங்க. எது எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அப்பா. செம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போனார்.

அம்மா வாசல்வரை வந்தாள். வண்டி தெரு திரும்பிய பிறகும் உள்ளே வரவில்லை. அப்பாவுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்றுதான் அன்று எனக்கு வருத்தம். அம்மா இன்னும் ஒரு நாளாவது வீட்டில் இருக்கட்டும் என்றுதான் அவர் தப்பான பக்கத்தை எடுத்தார் என்பதும், அதைக் கெடுத்தவள் நான்தான் என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது நான் திண்டிவனத்துப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா விழுப்புரத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.