இஞ்ஞாசி சாமியின் ஞாயிறு வகுப்பு

வேங்கிக்கால் பக்கம் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு மாலை வகுப்பு என்றால், இன்றும் எனக்கு இஞ்ஞாசி சாமியின் குரல்தான் காதில் கேட்கிறது. குருமடத்தில் வருங்காலக் குருக்களுக்கு ஆயுசு முழுக்க இறையியல் நடத்திவிட்டு, வயதான காலத்தில் எங்கள் பங்குக்குச் சாமியாராக வந்தவர். ஆட்டோ ஓட்டுகிறவர், நர்ஸ், அரசாங்கக் குமாஸ்தாவான நான் என்று கலந்துகட்டி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, இதுகளுக்கு எதற்கு இறையியல் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. முதல் வகுப்பிலேயே தந்தை, மகன், தூய ஆவி என்று மூவொரு கடவுளைத் தொட்டுவிட்டார். பௌர்ணமியன்று மட்டும் லீவு. கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டியும் வந்து சேராது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. திருச்சபையின் போதனையைச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். சொந்த அபிப்பிராயம் என்றால் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். இரண்டையும் கலந்து ஊட்டினால் கேட்கிறவன் வயிறு கெட்டுப்போகும் என்பார். நாங்கள் குறும்புக்கென்றே, கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றுங்கள் சாமி என்போம். சிரித்துக்கொண்டே கழற்றுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பாதிப் பேர் வந்தோம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

போன வருடம், மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயரிடமிருந்து அவருக்கு மாற்றல் வந்தது. பங்கை விட்டு, ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்துக்குப் போக வேண்டும். மாற்றலை நிறுத்த எத்தனை வழி உண்டோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. இவர் விஷயத்தில் அது இன்னும் சுலபம். இப்போதைய ஆயரே குருமடத்தில் இவரிடம் படித்தவர்தான். ஒரு போன் போட்டால் முடிந்தது என்றேன். போட மாட்டேன் என்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள்மேல் பாசமே இல்லையா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாதமே பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனம் கொடுக்க ஆயர் வந்தார். அவருக்கும் சாமிக்கும் மதியச் சாப்பாடு பரிமாறியது நான். ஆயரே பேச்சை எடுத்தார். புதிதாக வருகிற பங்குத்தந்தை சின்ன வயசுக்காரர், நீங்கள் இங்கேயே இருந்தால் ஜனங்கள் உங்களைத்தான் தேடி வருவார்கள், அவர் காலூன்ற முடியாது, அதனால்தான் இந்த முடிவு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

சாமி கண்ணாடியைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு இங்கயே இருக்கணும்னுதான் ஆசை, ஆண்டவரே. இந்த ஜனங்கள விட்டுட்டுப் போறது ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ஆயர்களை நாங்கள் ஆண்டவர் என்றுதான் அழைப்போம். ஆயர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவரும் குருமடத்தில் சாமியின் வகுப்பில் உட்கார்ந்தவர்தானே, கண்ணாடி கீழே இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். சாமி அதை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"குருப்பட்டத்தன்னைக்கு ஆயர் கையில கை வெச்சு, கீழ்ப்படியறேன்னு சொன்னேன். எப்போ கெளம்பணும், சொல்லுங்க."

குழம்பு வாளியோடு அப்படியே நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். புதுச் சாமி வகுப்பை விடாமல் நடத்தினார். பாவம், புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்; கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நானும் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் இஞ்ஞாசி சாமிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வேன் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் உங்களைப் பார்க்க வருகிறோம் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வராதீங்க. அன்னைக்கு உங்க சாமி வகுப்பு எடுப்பாரு. எல்லாரும் அங்க போயி உக்காருங்க."

சரி சாமி என்றேன். போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை.

"திங்கக்கிழமை வாங்க," என்றார். "ஒருத்தரையும் விட்டுடாம கூட்டிட்டு வாங்க."