கூரையில் ஒரு துளை

அவரை எல்லோரும் பூச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும் வெளியே வரும். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வேலை கூரைதான். தகரமும் தகரமும் சேருகிற விளிம்பு, ரிவெட் அடித்த தலை, காற்று வர வெட்டிய வெட்டு, எல்லாவற்றுக்கும் பசை பூசி, காய்ந்ததும் ஹோஸைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார். பிறகு உள்ளே போய் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொள்வார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது. "கூரையில ஓட்டை போடுறவன் கையை உடைக்கணும்" என்பது அவர் வாயில் ஊறிப்போன பேச்சு. விளக்கு மாட்டுகிறேன், விசிறி மாட்டுகிறேன் என்று எவனாவது டிரில்லைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினால், கீழே நின்று அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார்.

அப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான் மோடம் வேலைக்குப் போட்டார் ஷெட் முதலாளி. காலம் அப்படி. வண்டி என்றால் அதற்குள் இன்டர்நெட் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. "ஒயர் போனதே தெரியாம இழுக்குறதுக்கு உன்னை விட்டா யாருய்யா இருக்கா?" என்று முதலாளி ஒரு ஐஸ் வைத்தார். நம் ஆள் அப்படியே உருகிவிட்டார்.

வேலையை மளமளவென்று கற்றுக்கொண்டார், அதில் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து நடுவில் ஃபியூஸ் வைப்பது, சாவியை அணைத்தால் மோடமும் தூங்கிப்போக ஒரு மெல்லிய ஒயரைச் சாவி போடும் இடத்துக்குக் கொண்டுபோவது, சிம் போடுவது, போனில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து எந்த நெட்வொர்க்கைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, எல்லாம் அத்துப்படி. ஆரம்பத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிட்டார். ஒரு பஸ்ஸின் இன்டர்நெட்டில் பக்கத்து பஸ் டிரைவர் காலை நீட்டிக்கொண்டு சினிமா பார்த்த கூத்தெல்லாம் நடந்தது. அதுவும் சரியாகிவிட்டது.

சரியாகாதது ஒன்றே ஒன்று. மோடத்துக்கு ஆன்டெனா என்று ஒன்று உண்டு. டவரிலிருந்து வருகிற சிக்னலைப் பிடித்துக் கொடுப்பது அதுதான். அதைக் கூரைக்கு வெளியே, மேலே வைக்க வேண்டும், ஒயர் இறங்க ஒரு துளை போட வேண்டும் என்று டப்பாவிலேயே படம் போட்டிருந்தது. பூச்சு அந்தப் படத்தைப் பார்த்தார், டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். கூரைத் தகரத்துக்குக் கீழே, உள்கூரைப் பலகைக்கு மேலே ஆன்டெனாவை ஒளித்து ஒட்டிவிட்டார். கை பட்ட இடமே தெரியாது. டவுன் பஸ்களுக்கு அது போதும். நாலு தெருவுக்கு ஒரு டவர் நிற்கிற ஊரில் சிக்னல் தகரத்தையும் மீறி உள்ளே வந்துவிடும். ஒருவரும் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல வந்தது அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் கல் குவாரி இருக்கிறது. அங்கே கல் உடைக்கிற பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு கடைசி மாதம் வரைக்கும் சுத்தியல் பிடிக்கிறவர்கள். வேலையைப் போட்டுவிட்டு ஸ்கேன் பார்க்க அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். வண்டியில் ஸ்கேன் மெஷினை ஏற்றிக்கொண்டு நாம் அங்கே போவோம், படம் இன்டர்நெட்டில் ஆஸ்பத்திரிக்கு வரட்டும், டாக்டரம்மா இங்கிருந்தே பார்த்துச் சொல்லட்டும் என்று நர்ஸம்மா ஒற்றைக் காலில் நின்றார். மேலதிகாரி அறைக்கு நடையாய் நடந்தார். கடைசியில் வண்டி வந்தது. மோடம் வைக்க நம் ஷெட்டுக்கே வந்தது.

அந்த அம்மா ஏன் இப்படி உயிரை விட்டார் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கும் ஒரு பிள்ளை உண்டானது, பல வருஷத்துக்கு முன்னால். அப்போது அவர்கள் இருந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வெகுதூரம். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டுப் போனபோது, ஸ்கேனில் பிள்ளையின் துடிப்புச் சத்தம் வரவில்லை. போன வாரம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி அழுது தீர்த்தார், பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்தார். பூச்சு மறுநாளே ஏணியில் ஏறிக் கூரைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசு என்று கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஸ்கேன் வண்டியின் முதல் வெள்ளோட்டத்துக்கு மேலதிகாரியும் கூடவே போனார். ஆஸ்பத்திரி வாசலில் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. மலையைத் தாண்டிக் குவாரிக்குள் நுழைந்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படுக்கையில் படுத்திருந்த பெண் கொட்டாவி விட்டாள். "இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் படம் வரலைன்னா, ஸ்கேனை இறக்கிட்டு மருந்துப் பெட்டி ஏத்துற வண்டியா ஓட்டிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. நர்ஸம்மா முகத்தில் ஈயாடவில்லை.

பூச்சு சும்மா இருப்பாரா? சிம் சரியில்லை என்றார், சிம்மை மாற்றினார். செட்டிங் போய்விட்டது என்றார், மோடத்தில் போட்டதையெல்லாம் அழித்து முதலிலிருந்து எழுதினார். டவர்காரனைத் திட்டினார். மலையைக்கூடத் திட்டினார். ஆன்டெனா பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை. போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? நன்றாகத் தெரியும், அதனால்தான் போகவில்லை.

மறுநாள் சாயந்திரம் நர்ஸம்மா டியூட்டி முடிந்து நேரே ஷெட்டுக்கு வந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"ஏங்க, குவாரியில வண்டிக்கு வெளிய நின்னா என் போன்ல ஒரு கோடாவது வருது. உள்ள போய்க் கதவைச் சாத்துனா அதுவும் செத்துப்போகுது. உங்க ஆன்டெனா மட்டும் தகரத்துக்குள்ள எப்படி உயிரோட இருக்கும்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியலைன்னா டப்பாவில படம் போட்டிருக்கே, அதுவும் பொய்யா?"

"ஓட்டை போட்டா ஒழுகும். உள்ள மெஷினு. ஒரு சொட்டு விழுந்தா அவ்வளவுதான், மெஷினே காலி. யாரு பதில் சொல்றது?"

"ஒழுகாம அடைக்க உங்களை விட்டா ஆள் இல்லைன்னு ஊரே சொல்லுது. உங்களுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"என் கையால கூரையில டிரில் வைக்க மாட்டேன். விட்டுடு."

பக்கத்தில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஸ்கேன் வண்டி டிரைவர், ஒன்றும் காதில் விழாதவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பூச்சு சமாளித்திருப்பார்.

"அன்னைக்கு நம்ம அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொன்னோம். இப்ப நீங்க கூரை, கூரைங்கிறீங்க. அங்க ஒருத்தி வயித்துல என்ன நடக்குதுன்னு தெரியாம கல்லு உடைச்சுக்கிட்டு இருக்கா. அவ்வளவுதாங்க வித்தியாசம்" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார்.

பூச்சு வண்டிக்குள் போய் வழக்கம்போல மல்லாந்து படுத்தார். மேலே பசை பூசிய கூரை, ஒரு குறை இல்லாத கூரை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே அதன்மேல் எரிச்சல் வந்தது. எழுந்து போய் ஏணியை எடுத்தார்.

"அண்ணே, நீங்களா?" என்று வாயைப் பிளந்தார் டிரைவர்.

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடிய்யா."

டிரில் தகரத்தில் இறங்கிய சத்தத்துக்கு அவர் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே! சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவர் மாதிரி இருந்தது முகம். துளையின் விளிம்பைத் தேய்த்தார், துரு பிடிக்காமல் பெயிண்ட் வைத்தார், ரப்பர் வளையம் போட்டார், ஆன்டெனாவை நிறுத்தினார், சுற்றிலும் பசையைக் குழந்தைக்கு மை தீட்டுகிற பதமாகப் பூசினார். போனில் மோடத்தின் பக்கத்தைத் திறந்தார். நேற்றுவரை ஷெட்டுக்குள் தள்ளாடிக்கொண்டிருந்த சிக்னல் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை அவருக்கு, வெட்கம்தான் வந்தது. இத்தனை பஸ்ஸிலும் நாம் செய்தது வீம்பு என்று உறைத்தது.

இரண்டாம் வெள்ளோட்டத்துக்கு மேலதிகாரி வரவில்லை. டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பூச்சு வண்டியோடு போனார். குவாரியில் முதலில் ஏறியவள் ஒல்லியான ஒரு பெண், மாமியார் துணைக்கு வந்திருந்தாள். நர்ஸம்மா அவள் வயிற்றில் கருவியை வைத்தார். ஸ்பீக்கரில் டாக்டரம்மா குரல் கணீரென்று வந்தது.

"தெரியுது சிஸ்டர், நல்லாத் தெரியுது."

பூச்சு கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடியவில்லை, அதற்குள் குரல் மாறிவிட்டது.

"சிஸ்டர், கொஞ்சம் இடது பக்கம். அப்படியே வைங்க. கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு, துடிப்பு குறையுது. இப்பவே கிளம்புங்க. கருவியை எடுக்காதீங்க, வழி முழுக்க நான் பாத்துக்கிட்டே வரணும்."

"ஏங்க, இறங்குங்க. மாமியார் உக்காரணும்" என்றார் நர்ஸம்மா. பூச்சு குதித்து இறங்கினார். கதவு சாத்திக்கொண்டது, வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது. அப்புறம்தான் அந்தப் பெண்ணின் புருஷன் கையில் சுத்தியலோடு தலைதெறிக்க ஓடி வந்தான். மேலெல்லாம் கல் தூசி.

"அண்ணே, எங்கண்ணே என் பொண்டாட்டி?"

பூச்சு சொன்னார். கேட்டதும் அவன் சுத்தியலை எறிந்துவிட்டு வண்டி போன பக்கம் ஓடப் பார்த்தான். அவனை இழுத்துக்கொண்டு ஜல்லிக் குவியல் உச்சிக்கு ஏறினார்; அங்கே போனால்தான் போனில் சிக்னல் நிற்கும். அவர் பொருத்திய மோடமெல்லாம் அவர் போனில் தெரியும். இணைப்பு இருந்தால் பச்சைப் புள்ளி, அறுந்தால் சிவப்பு, மோடத்தையே அணைத்துவிட்டால் புள்ளியே இருக்காது.

"இது பச்சையா இருக்குற வரைக்கும் டாக்டரம்மா உன் புள்ளையைப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு வெச்சுக்க" என்றார்.

இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்தார்கள். வண்டி மலைக்குப் பின்னால் திரும்புகிற நேரம் புள்ளி சிவந்தது. கல்லுடைக்கிறவன் அவர் கையை இறுகப் பிடித்தான். பூச்சு "வா, வந்துடு, வந்துடு" என்று போனைப் பார்த்துக் கெஞ்சினார். திரும்பப் பச்சையானது.

"அண்ணே, இன்னும் பச்சைதானே?"

"பச்சைதான்யா. பாரு."

புள்ளி அணைந்தபோது வண்டி ஆஸ்பத்திரிக்குள் சாவியை அணைத்து நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அதை அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிழல் நீண்டது. குவாரிக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், இரண்டு பேரும் தொடவில்லை.

போன் அடித்தது. பூச்சு பாய்ந்து எடுத்தார்.

"ஏங்க" என்றார் நர்ஸம்மா. "வண்டி போய் நிக்கும்போதே ஆபரேஷனுக்கு எல்லாம் தயாரா இருந்துதுங்க. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இந்தாங்க, கேளுங்க."

போனில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பூச்சு போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு போனைக் கல்லுடைக்கிறவன் காதில் வைத்தார். "உன் பொண்ணுதான்யா. பிடி."

போன் கையை விட்டுப் போனதும் அந்த ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, ஓவென்று அழுதார். இத்தனை வருஷமாகத் தன் பிள்ளைக்கு அழாத அழுகை அது. கல்லுடைக்கிறவன் பயந்துபோய்ப் போனைக் கீழே இறக்கினான்.

"அண்ணே, என்னண்ணே? நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்யா" என்றார் பூச்சு. "நல்ல சேதிதான். நீ கேளு."