வாரிக்கு அடியில் ஆம்பூர்த் தோல்

புதுத் தோல் வந்ததும் விஜயகுமாரி அதை மடித்துக் காதோரம் வைத்து ஒருமுறை நெரிப்பார். நல்ல தோல் முனகும், மட்டமான தோல் மொறுமொறுக்கும் என்பது அவர் கணக்கு. "இது பேசுது, எடுத்துக்கலாம்" என்று சொன்னால் வியாபாரி சரக்கை இறக்கலாம். தலையை ஆட்டினால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

ஆம்பூர் ரயில் பாதையை ஒட்டிய அவரது பட்டறையில் இரண்டே தையல் மெஷின்கள். ஒன்றில் அவர், இன்னொன்றில் முனவ்வர் பேகம். ஷூ கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக வெளியே வந்தவர்கள். வெல்டிங் கையுறையும் ஏப்ரனும் தைத்துக்கொண்டிருந்தவர்களைத் தேடிக் கடலோரத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கழிமுகத்தில் மட்டிச் சிப்பி எடுப்பவர்கள், இரும்புச் சட்டத்தில் வலைப்பை கட்டிய வாரியைப் படகிலிருந்து இறக்கித் தரையோடு இழுப்பார்கள். அடிப்பக்கம் உரசி வலை கிழியாமலிருக்க எருமைத் தோலில் ஒரு கவசம் வேண்டும். விஜயகுமாரி தைத்துக் கொடுத்தது வருடக்கணக்கில் உழைத்தது. "கல்லு மேல இழுத்தாலும் என் தோலு கிழியாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சென்ற ஆண்டு, மட்டி எடுப்பவர்களின் சங்கச் செயலாளர் தேசப்பன் ஃபோன் செய்தார். கழிமுகத்தைக் கெடுக்காமல், இனம் அழியாமல் எடுத்த மட்டி என்ற சான்றிதழுக்குச் சங்கம் விண்ணப்பித்திருந்தது. அது கையில் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். சோதிக்க வந்தவர்கள் வாரியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்களாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க தோலு வலைக்கண்ண அடைச்சுக்குது. குஞ்சு மட்டி கீழ விழ வழியில்ல. கழட்டணும்னு சொல்றாங்க."

"கழட்டிட்டா வலை இன்னாத்துக்கு ஆவும்?"

"ஒரு வாரம் தாங்காது."

விஜயகுமாரி ஃபோனை வைத்துவிட்டு முனவ்வரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"வுடுக்கா, பேஜார் புடிச்ச வேலை" என்றார் முனவ்வர்.

"என் தோலால ஒரு ஊரு பொழப்பு கெடுதுன்னா எப்டி வுடறது?" என்று கேட்டவர், மறுநாள் பஸ் ஏறிவிட்டார்.

படகில் தேசப்பன் வாரியை மேலே இழுத்துக் கொட்டினார். விற்கிற மட்டிகளுக்கு நடுவே நகத்தளவுக் குஞ்சுகள். பல, ஓடு நொறுங்கிக் கிடந்தன. விஜயகுமாரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும் கத்தியை எடுத்தார். தோலின் முன்விளிம்பை மட்டும் சட்டத்தில் கட்டும்படி தைத்து, மீதியை வார் வாராகக் கீறித் தொங்கவிட்டார். தரையில் இழுபடும்போது வார்கள் வலையைக் காக்கும்; இடுக்கு வழியே குஞ்சுகள் நழுவிவிடும். முதலில் அனுப்பியது தண்ணீரில் முறுக்கிக்கொண்டது. முனவ்வர் சொன்னபடி வார்களை அகலமாக்கி, நுனியில் இரட்டைத் தோல் வைத்துத் தைத்து மறுபடி அனுப்பினார்.

"சல்லடையில கொட்ற மாதிரி குஞ்சுங்க கொட்டுதும்மா" என்றார் தேசப்பன் ஃபோனில். "நீங்க கேட்டிருக்கணும் எங்க பசங்க சிரிப்ப."

போன மாதம் சான்றிதழ் வந்தது. தேசப்பன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். மாலை போட்ட தலைவர்கள், அதிகாரிகள், நடுவில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ். விஜயகுமாரி இரண்டு விரல்களால் படத்தை விரித்தார். முகங்கள் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தன, சான்றிதழும் மறைந்தது. பின்னால் படகில் சாய்த்திருந்த வாரியின் அடியில், ஈரம் சொட்டும் தோல் வார்கள் திரை முழுக்க வந்ததும் நிறுத்தி, ஃபோனை முனவ்வர் பக்கம் திருப்பிப் பிடித்தார்.